இயற்கை வழிக்கு மாறியும் செலவு ஏன் கூடுகிறது?

கேள்வி:

"வணக்கமுங்க. திருப்பூரில் பெருமாநல்லூர் ரோட்டுப் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறோம். வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், சனிக்கிழமைச் சம்பளம். நான் வீட்டிலேயே பிசிறு வெட்டும் வேலை எடுத்துச் செய்கிறேன். பொண்ணு பத்தாவது, பையன் ஏழாவது. அத்தையும் எங்களோடு இருக்கிறார். செலவும் குறையட்டும், ரசாயனமும் குறையட்டும் என்று வீடியோக்களைப் பார்த்து ஆறு மாதமாக இயற்கை முறைக்கு மாறினேன். மூங்கில் பிரஷ், கண்ணாடி ஜாடி, வினிகர், ஆப்ப சோடா, பூந்திக்கொட்டைத் தூள், மாடித் தோட்டத்துக்கு கிட் என்று வாங்கியதில் ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் போய்விட்டது. மாதச் செலவு குறையவே இல்லை. வீட்டுக்காரர் சத்தம் போடுகிறார். அத்தை, 'இதையெல்லாம் ஊரில் நாங்கள் காசு கொடுத்தா வாங்கினோம்?' என்கிறார். கரண்ட் பில் போன தடவை 540 யூனிட் வந்தது. கேஸ் சிலிண்டர் 35 நாள் வருகிறது. கேன் தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒன்று. போர்வெல்லில் உப்புத் தண்ணீர்தான். ஆத்துத் தண்ணீர் வாரம் ஒருமுறை. இயற்கை முறையில் உண்மையிலேயே காசு மிச்சமாகுமா, இல்லை விட்டுவிடட்டுமா?"

பதில்:

விட வேண்டாம் அம்மணி. ஆனால் ஆரம்பித்த இடத்தை மாற்ற வேண்டும்.

மனையியல் படித்துவிட்டு, குடும்ப வரவு செலவைப் பார்த்துச் சொல்வதையே தொழிலாக வைத்திருப்பவள் நான். உங்களைப் போலவே ஆர்வத்தோடு ஆரம்பித்துக் கடைசியில் கடுப்பாகிறவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். அவர்கள் எல்லோரும் புதிதாக எதை வாங்கலாம் என்றே தொடங்கியிருப்பார்கள். நீங்கள் எழுதிய பட்டியலில் இருக்கும் பொருள்கள் எல்லாம் மாதம் ஐம்பது, நூறு ரூபாய் போகும் இடங்களைத்தான் தொடுகின்றன. கரண்ட், கேஸ், குடிதண்ணீர் இந்த மூன்றும் உங்கள் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் வந்திருக்கின்றன. பணம் அங்கேதான் போகிறது. சுற்றுச்சூழலுக்கு நம் வீட்டால் ஆகிற சுமையில் பெரும் பங்கும் அங்கேதான்.

முதலில் கரண்ட். 540 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்குப் பதறியது. நம் மாநிலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள், முதல் 100 யூனிட் இலவசம், இது உங்களுக்குத் தெரியும். 500-ஐத் தாண்டினால் என்ன ஆகிறது என்பது பலருக்குத் தெரியாது. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை வைத்துச் சொல்கிறேன். மொத்தம் 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. 500-ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அதே நூறு யூனிட்டுக்கு 4 ரூபாய் 50 காசு. அந்த ஒரு யூனிட்டுக்காக 225 ரூபாய் கூடுகிறது. தாண்டிய யூனிட்டுகள் ஒவ்வொன்றுக்கும் 8 ரூபாய் தனி. அந்தக் கணக்குப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 540-க்கு 2,270 ரூபாய். வெறும் 40 யூனிட்டுக்கு 545 ரூபாய்! அதன் பிறகு விலை கொஞ்சம் ஏறியது, ஆனால் இந்தப் படி அப்படியேதான் இருந்தது. உங்கள் ரசீதை எடுத்து ஒவ்வொரு படிக்கும் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். உங்களுக்குத் தனி மீட்டர் இல்லாமல், வீட்டு உரிமையாளர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கினால் மட்டும் கணக்கு வேறு. அப்போது ஒவ்வொரு யூனிட்டும் ஒரே விலை.

ஆக, உங்கள் முதல் வேலை 500-க்குக் கீழே இறங்குவது. இதற்கு எதையும் வாங்கத் தேவையில்லை.

உங்கள் வீட்டில் வாட்டர் ஹீட்டர் இருக்கும் என்று நினைக்கிறேன். 15 லிட்டர் வாளித் தண்ணீரை 20 டிகிரி சூடேற்ற ஏறக்குறைய 0.35 யூனிட் ஆகும். ஹீட்டரிலும் குழாயிலும் வீணாகும் சூட்டையும் சேர்த்தால் 0.4. ஐந்து பேரும் ஆளுக்கு ஒரு வாளி என்றால் நாளுக்கு 2 யூனிட், ஒரு ரசீதுக்கு 120 யூனிட். சித்திரையிலும் வைகாசியிலும் திருப்பூரில் எதற்கு வெந்நீர்? மாடியில் கருப்பு டேங்க் இருந்தால் சாயங்காலம் அதில் வருவதே வெதுவெதுப்பாக இருக்கும். பையன் பள்ளி விட்டு வந்து குளிக்கட்டும், நீங்களும் வேலை முடிந்து அப்போதே குளிக்கலாம். அத்தைக்கும், மார்கழிக் குளிரில் எல்லோருக்கும் வெந்நீர் போடுங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். வருஷம் முழுக்கப் பார்த்தால் பாதி குறையும். ஒரு ரசீதுக்கு 60 யூனிட்.

தென்னை மட்டையும் பாளையும் கிடைக்கிற தோட்டத்து வீடாக இருந்தால் வெளியில் செம்பு பாய்லர் வைத்துக்கொள்ளச் சொல்வேன். கொங்குப் பக்கத்து வீடுகளில் அது புதிதில்லை. ஆனால் உங்களுடையது வரிசை வீடாகத்தான் இருக்கும். உள்ளே புகை தங்கினால் அத்தையின் நெஞ்சுக்கும் குழந்தைகளின் நுரையீரலுக்கும் கெடுதல். விறகை விலைக்கு வாங்கிப் புகையும் குடிப்பதில் எந்தச் சிக்கனமும் இல்லை.

அடுத்து டி.வி. பெட்டிக்குக் கீழே இருக்கும் செட்டாப் பாக்ஸ். ரிமோட்டில் நிறுத்தினாலும் அது கரண்டை இழுத்துக்கொண்டேதான் இருக்கும். 10 வாட் என்று வைத்தாலும் இரண்டு மாதத்தில் 14 யூனிட். சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்துவிடுங்கள். பிரிட்ஜைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தால் கொஞ்சம் முன்னால் இழுத்து, பின்புறத் தூசியைத் துடையுங்கள். சூடு வெளியேற வழியில்லாமல் கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருக்கும். கதவு இடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்துவிட்டால் ரப்பர் தளர்ந்துவிட்டது, குளிர் கசிகிறது என்று அர்த்தம். ரப்பரை மட்டும் தனியாக மாற்றலாம்.

இவ்வளவு செய்தாலே 470-ஐ ஒட்டி வந்துவிடுவீர்கள். பிறகு வாங்க வேண்டியது இரண்டு. பிசிறு வெட்டும்போது பகலெல்லாம் எரியும் விளக்கு பழைய பட்டைச் சோக் டியூப் லைட்டாக இருந்தால் சோக்கோடு சேர்த்து 50 வாட்டுக்கு மேல் எடுக்கும். 20 வாட் எல்.இ.டி. பட்டை போட்டால் அதே வெளிச்சம். நாளுக்கு 12 மணி நேரம் எரிந்தால் ரசீதுக்கு 20 யூனிட்டுக்கு மேல் மிச்சம். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வெட்டினால் பகலில் அதுவும் வேண்டாம், கண்ணுக்கும் நல்லது. இரண்டாவது, அதிக நேரம் ஓடும் ஒரே ஒரு ஃபேன். சாதாரண ஃபேன் 75 வாட், பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட். ஹாலில் நாளுக்கு 16 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 43 யூனிட் குறையும். எல்லா ஃபேனையும் ஒரேயடியாக மாற்றாதீர்கள். விருந்தாளி வந்தால் மட்டும் ஓடும் ஃபேனை மாற்றினால் போட்ட பணம் திரும்பவே திரும்பாது. வாடகை வீடுதானே என்று யோசிக்காதீர்கள். காலி செய்யும்போது பழையதை மாட்டிவிட்டு உங்களுடையதைக் கழற்றிக்கொண்டு போகலாம்.

கேஸுக்கு வருவோம். ஐந்து பேர் வீட்டில் 14.2 கிலோ சிலிண்டர் 35 நாள் வருவது மோசமில்லை. ஆனால் 45 நாளுக்குக் கொண்டுபோக முடியும். வருஷத்துக்குப் பத்து வாங்குகிற இடத்தில் எட்டு போதும்.

தண்ணீர் கொதித்த பிறகு தீயைக் கூட்டினாலும் சூடு ஏறாது. ஆவிதான் வேகமாகப் போகும். கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடி போடுங்கள், இதுதான் பெரிய மிச்சம். கொள்ளு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலையை முதல் நாள் இரவே ஊறப்போடுங்கள். அரிசியும் துவரம்பருப்பும் அரைமணி நேரம் ஊறினாலே விசில் குறையும். குக்கருக்குள் இரண்டு அடுக்கு வைத்துச் சோறும் பருப்பும் ஒன்றாகவே வேகவிடலாம். நம் ஊர் அரிசிம்பருப்புச் சோற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே குக்கர், ஒரே தீ, மேலே ஒரு கரண்டி நெய். வாரத்தில் இரண்டு ராத்திரி அதை வைத்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பிரிட்ஜிலிருந்து எடுத்த குழம்பை அப்படியே அடுப்பில் ஏற்றாமல் அரைமணி நேரம் வெளியே வைத்துவிட்டுச் சூடு பண்ணுங்கள். தீ நீலமாக எரியாமல் மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கருத்தால் பர்னர் ஓட்டைகள் அடைத்திருக்கின்றன. கழற்றி ஊறவைத்து ஒரு ஊசியால் குத்திச் சுத்தம் செய்தால் போதும்.

மாவு பாக்கெட் வாங்குகிறீர்களா என்று எழுதவில்லை. வாங்கினால் இன்றோடு நிறுத்திவிடுங்கள். ரேஷன் புழுங்கல் அரிசி இலவசமாகக் கிடைக்கிறது. உளுந்தும் வெந்தயமும் மட்டும்தான் செலவு. கிரைண்டர் ஒருமுறை ஓட ஆகும் கரண்ட் மிகச் சொற்பம். வாரத்துக்கு மூன்று பாக்கெட் வாங்குகிற வீட்டில் இது ஒன்றே மாதம் நானூறு, ஐந்நூறு ரூபாயை நிறுத்திவிடும், பிளாஸ்டிக் பையும் குப்பைக்குப் போகாது. மிளகாய்த் தூள், மல்லித் தூள், மஞ்சள் தூளும் இப்படித்தான். ஈரோட்டு மஞ்சள் பக்கத்தில் கிடைக்கும்போது பாக்கெட் தூள் எதற்கு? கிழங்காக வாங்கி, மாடியில் நன்றாகக் காயவைத்து, மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் செய்யும் மாற்றுப் பொருள் என்றால் என் கணக்கில் முதலில் வருவது இவைதான். சோப்பும் ஷாம்பும் பிறகுதான்.

தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். மாதம் 15 கேன், ஒரு கேன் 35 ரூபாய் என்று வைத்தாலும் 525 ரூபாய். ஆத்துத் தண்ணீர் வாரம் ஒருமுறையாவது வருகிறதே, அதைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் என்று பிரித்து வையுங்கள். கொதிக்கவைத்தால் இலவசம் என்று நினைக்காதீர்கள். நாளுக்குப் பத்து லிட்டர் கொதிக்கவைத்தால் மாதத்துக்குக் கால் சிலிண்டர் அளவு கேஸ் போகும். கேனைவிட இது மலிவுதான், ஆனால் நீங்கள் குறைத்த கேஸ் இங்கே போய்விடும். எவர்சில்வர் கேண்டில் ஃபில்டர் ஒன்று வாங்கினால் கரண்டும் வேண்டாம், தண்ணீரும் வீணாகாது; இரண்டு மூன்று மாதக் கேன் காசில் முடிந்துவிடும். கேண்டில் என்கிற உள்ளே இருக்கும் பீங்கான் வடிகட்டியை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவி, சொன்ன காலத்தில் மாற்றிவிட வேண்டும். மழைக்காலத்தில், ஊரில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ பரவும்போது, வடிகட்டியதையும் கொதிக்கவைத்தே குடியுங்கள். இந்த ஒரு இடத்தில் சிக்கனத்தை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வாரம் முழுக்கத் தண்ணீரைப் பிடித்து வைக்கிற வீட்டில் கொசு வரும். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், பாத்திரத்தின் உள் ஓரத்தில் ஒட்டியிருக்கும் முட்டை தண்ணீரைக் கொட்டினாலும் போகாது. வாரம் ஒருமுறை டிரம்மின் உட்புறத்தைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் காயவைத்து, பிறகு பிடியுங்கள். டிரம்மின் வாயைத் துணியால் கட்டி வையுங்கள். கொசு விரட்டி திரவப் பாட்டில் மாதாமாதம் வாங்குவதற்குப் பதில் ஜன்னலுக்கு வலை அடித்துவிடலாம். கொசுவலைக்குப் பேர்போன கரூர் நமக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது. மீட்டர் கணக்கில் வாங்கி வெல்குரோ பட்டையால் ஒட்டினால் வீட்டு உரிமையாளரிடம் ஆணி அடிக்க அனுமதி கேட்க வேண்டியதில்லை. நொச்சி இலையும் வேப்பிலையும் போட்டு மூட்டம் போடுவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ராத்திரி முழுக்கக் காப்பது வலைதான்.

உப்புத் தண்ணீர் உங்கள் சோப்புச் செலவைத் தின்கிறது, இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். போர்வெல் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைத் திட்டாகப் படிந்துவிடுகின்றன. நுரை வராததால் நாம் இன்னும் சோப்பைப் போடுகிறோம். துணி ஊறவைக்கும் வாளியில் முதலில் ஒரு தேக்கரண்டி வாஷிங் சோடாவைக் கரைத்துக் கொஞ்ச நேரம் விட்டால் அந்த உப்புகள் படிந்துவிடும். பிறகு வழக்கத்தில் பாதி அளவு தூள் போதும். உங்கள் தண்ணீருக்கு எவ்வளவு சோடா பிடிக்கும் என்பதை இரண்டு மூன்று துவைப்பில் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். பட்டு, கம்பளி, அலுமினியப் பாத்திரம் இவற்றுக்கு மட்டும் சோடா ஆகாது. மழை பெய்தால் கூரைத் தண்ணீரைப் பிடியுங்கள். கொங்கு நாட்டில் மழை குறைவுதான், ஆனாலும் 100 சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 90 லிட்டர் கிடைக்கும். அதில் துவைத்துப் பாருங்கள், சோப்பு எப்படி நுரைக்கிறது என்று.

இப்போது நீங்கள் வாங்கி வைத்திருக்கும் பொருள்கள். வினிகரையும் ஆப்ப சோடாவையும் ஒன்றாகக் கொட்டினால் பொங்குவதைப் பார்த்து அழுக்கு போகிறது என்று வீடியோவில் காட்டுகிறார்கள். புளிப்பும் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொள்கின்றன. பொங்குவது வெறும் வாயு, மிஞ்சுவது கொஞ்சம் உப்புத் தண்ணீர். தனித்தனியாக இரண்டும் நல்ல பொருள்கள். குழாயிலும் ஷவரிலும் படிந்த வெள்ளை உப்புக் கறைக்கு வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி வையுங்கள். ஆப்ப சோடாவைப் பால் பாத்திரத்தின் அடியில் தூவித் தேயுங்கள். வினிகரும் எலுமிச்சையும் கடப்பாக்கல் மேடையில் படக் கூடாது. கடப்பா சுண்ணாம்புக்கல் வகை, புளிப்பு பட்டால் அரித்து வெளுத்துவிடும். வாடகை வீட்டில் அந்தச் செலவும் உங்கள் தலையில்தான் விழும்.

இதைவிட முக்கியமான ஒன்று. பிளீச்சிங் பவுடரோடு வினிகர், எலுமிச்சை, கழிப்பறை ஆசிட் எதையும் சேர்க்காதீர்கள். ஒன்றைப் போட்டுக் கழுவாமல் அதன் மேலேயே மற்றதைப் போடுவதும் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. இதைப் பொண்ணுக்கும் சொல்லி வையுங்கள்.

காஸ்டிக் சோடா போட்டு வீட்டில் சோப்பு காய்ச்சுவதையும் ஆப்ப சோடாப் பற்பசையையும் முயற்சி செய்யாதீர்கள். காஸ்டிக் கண்ணில் தெறித்தால் பார்வை போகும். வீட்டுப் பற்பசையில் பல்லைச் சொத்தையிலிருந்து காக்கும் ஃப்ளோரைடு இருக்காது. பத்து ரூபாய் மிச்சம் பிடிக்கப் பல் டாக்டரிடம் போகும் நிலை வரக் கூடாது. எலுமிச்சைத் தோலையும் வெல்லத்தையும் மூன்று மாதம் புளிக்க வைக்கும் பயோ என்சைமைப் பற்றியும் கேட்கிறார்கள். தரை துடைக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சாப்பிடுகிற நல்ல வெல்லத்தை விலைக்கு வாங்கிப் போடாதீர்கள். உருகிக் கெட்டுப்போன வெல்லம் இருந்தால் செய்யலாம், முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து வாயுவை வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் பாட்டில் வெடிக்கும்.

பூந்திக்கொட்டைத் தூளைப் பட்டுப் புடவைக்கும் நகைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். சாயம் போகாது, இழை கெடாது. வேலைக்குப் போய் வருகிறவரின் சட்டைக் காலரில் இருக்கும் அழுக்குக்கு அது பற்றாது. அடுத்த தடவை தூளாக வாங்காமல் கொட்டையாக வாங்கி, விதையை எடுத்துவிட்டு ஊறப்போட்டாலே நுரை வரும். தூளாக்கி டப்பாவில் அடைத்ததும் விலை பல மடங்கு ஏறிவிடுகிறது.

அத்தை சொன்னதை நான் ஒரு குறையாகப் பார்க்கவில்லை. உங்கள் வீட்டில் இருக்கும் பெரிய சொத்து அவருடைய அனுபவம். எண்ணெய் தேய்த்துக் குளிக்க அரப்பு போட்டுத்தானே அவர் வளர்ந்திருப்பார்? அரப்பு மரம் நம் மேட்டுக்காட்டில் தானாக வளர்வது. இலையை நிழலில் காயவைத்து இடித்தால் அரப்புத் தூள். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க அதற்கு ஈடு இல்லை. ஊருக்குப் போகும்போது ஒரு பை நிறைய இலை கொண்டுவரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சந்தையில் உதிரியாகக் கிடைக்கும் தூளை வாங்குங்கள். சீயக்காயோடு வெந்தயமும் பச்சைப்பயறும் சேர்த்து எந்த அளவில் அரைப்பது என்று அவரையே கேட்டு மில்லுக்கு அனுப்புங்கள். பித்தளை விளக்குக்குப் புளி, பாத்திரத்துக்குத் தேங்காய் நார், முதுகு தேய்க்க முற்றிக் காய்ந்த பீர்க்கங்கூடு. நீங்கள் வீடியோவில் தேடியதில் பாதி அவர் கையில் இருக்கிறது. கேட்டால் அவருக்கும் மனசு நிறையும், வீட்டில் சத்தமும் குறையும்.

துணி விஷயத்தில் திருப்பூர்க்காரர்களைப் போல் கொடுத்துவைத்தவர்கள் கிடையாது. பனியன் வேஸ்ட் கிலோ கணக்கில் கிடைக்கிறது, கம்பெனியில் கேட்டால் கட்டிங் துண்டுகள் சும்மாவே கிடைக்கும். துடைக்கிற துணி, மிதியடி, கரித்துணி எல்லாவற்றுக்கும் அது போதும். கடையில் மாப்புத் துணியும் டிஷ்யூவும் வாங்கவே தேவையில்லை. அப்புறம் பழைய சட்டையைத் தைத்து நாலு பை செய்து, ஒன்றை வீட்டுக்காரர் வண்டியிலேயே போட்டு வையுங்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. ஆனாலும் வண்டியில் பை இல்லாததால்தான் நாம் கடையில் காசு கொடுத்து வாங்குகிறோம்.

பொண்ணின் மாதாந்திரச் செலவை நீங்கள் எழுதவில்லை, ஆனால் இரண்டு பெண்கள் இருக்கும் வீட்டில் அது சின்னச் செலவில்லை. அரசின் புதுயுகம் திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் தருகிறார்கள். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கேளுங்கள். குறைந்த விலை நாப்கின் இயந்திரத்தை உருவாக்கி 2016-இல் பத்மஸ்ரீ வாங்கிய முருகானந்தம் நம் கோயம்புத்தூர்க்காரர்தான். மகளிர் குழுக்கள் செய்யும் நாப்கின்கள் கடைப் பொருளைவிட மலிவாகக் கிடைக்கும். நல்ல பருத்திப் பனியன் துணியில் அடுக்கி அடுக்கித் தைத்த துணி நாப்கினும் நல்லது. ஆனால் அதை வெயிலில் நன்றாக உலர்த்த வேண்டும். வெட்கப்பட்டு மூலையில் ஈரமாக மடித்து வைத்தால் தொற்று வரும். வரிசை வீட்டில் வெயிலில் காயப்போட இடமும் மறைவும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு மாதவிடாய்க் கப் ஒத்துவந்தால் பல வருஷம் உழைக்கும். பொண்ணை எதற்கும் கட்டாயப்படுத்த வேண்டாம். பத்தாவது படிக்கிற வருஷம், அவளுக்கு எது சௌகரியமோ அதுவே சரி.

மாடித் தோட்டக் கிட்டை வாங்கியாயிற்று, வீணாக்க வேண்டாம். தக்காளியும் கத்திரியும் வைத்துச் சமையலுக்கு எடுக்கலாம் என்று எதிர்பார்க்காதீர்கள், உழவர் சந்தையில் காலையில் போய் வாங்குவதே மலிவு. கறிவேப்பிலை, பசலை, சிறுகீரை, கற்பூரவல்லி, பிரண்டை இவை மட்டும் வையுங்கள். உப்புத் தண்ணீரை ஊற்றாமல் அரிசி கழுவிய தண்ணீரையும் காய் கழுவிய தண்ணீரையும் ஊற்றுங்கள். உரம் வாங்காதீர்கள். காய்த் தோலைப் பொள்ளாச்சித் தேங்காய் நார்க்கழிவோடு அடுக்கடுக்காகப் போட்டு, அடியில் ஓட்டை போட்ட பக்கெட்டில் மக்கவிட்டால் போதும்.

நொய்யல் ஆற்றுக்கு என்ன நடந்தது என்பது உங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அவ்வளவு பெரிய கேட்டுக்கு முன்னால் நம் வீட்டுச் சோப்புத் தண்ணீர் எம்மாத்திரம் என்று தோன்றலாம். ஆனால் பாதித் தூளில் துவைத்தால் சாக்கடைக்குப் போவதும் பாதிதான். உங்களுக்கு அந்த அக்கறை இருப்பது கடிதத்தில் தெரிகிறது. அதனால்தான் விட வேண்டாம் என்றேன்.

வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது? அவருக்குச் சம்பளம் சனிக்கிழமை வருகிறது, கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. ஆர்டர் இல்லாத வாரத்தில் பில் வந்தால்தான் சத்தம் வருகிறது. ஒவ்வொரு சனிக்கிழமையும் 300 ரூபாயை ஒரு டப்பாவில் போடுங்கள். எட்டு சனிக்கிழமையில் 2,400 ரூபாய். இப்போது வருகிற பில்லுக்கு அது சரியாகப் போகும். 470 யூனிட்டுக்கு இறங்கினால் 800 ரூபாய் வரை டப்பாவில் நிற்கும். அதை அவர் கையிலேயே கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். வேறு எதற்கும் தொடாமல் அதில் முதலில் எல்.இ.டி. பட்டை விளக்கு வாங்குங்கள். அடுத்த பில்லில் நிற்பதில் கேண்டில் ஃபில்டர். கேன் நின்றதும் மாதம் 500 ரூபாய் தனியாகச் சேரும், அதில் ஹால் ஃபேன். ஜன்னல் வலை கடைசியில் போதும், ஆனால் ஐப்பசி மழைக்கு முன்னால் அடித்துவிடுங்கள்.